விசார்ட்ஸ் யார் கையில்? மறுகட்டமைப்பை எந்த இளைஞரிடம் ஒப்படைப்பது?

நடுக்கோடு (இழையைத் தொடங்கியவர், 2025 கோடை)

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் நம் வாஷிங்டன் விசார்ட்ஸுக்கு 2023-24 சீசனில் 15 வெற்றி, 67 தோல்வி. 2024-25இல் 18 வெற்றி, 64 தோல்வி. நட்சத்திர ஆட்டக்காரர் பிராட்லி பீலை ஃபீனிக்சுக்கு அனுப்பிய அன்றே இந்த வலி வரும் என்று தெரிந்துதான் இறங்கினோம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வரும் 2025 அக்டோபரில் மூன்றாம் ஆண்டு தொடங்குகிறது. கைல் குஸ்மா போய்விட்டார். ஜோர்டன் பூலும் போய்விட்டார். சி.ஜே. மெக்கலமும் கிறிஸ் மிடில்டனும் வழிகாட்ட வந்திருக்கிறார்களே தவிர, இந்த அணியைச் சுமக்க வரவில்லை. ஆக, இனி இது இளைஞர்களின் அணி. அவர்களில் யாரை நடுவில் நிறுத்தி மற்றவர்களைச் சுற்றிக் கட்டுவது என்று பேசிவிடலாம் என்றுதான் இந்த இழை.

என் பதில் அலெக்ஸ் சார் ('சார்' அவருடைய குடும்பப் பெயர்).

2024 டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், இரண்டாவதாக எடுத்தோம். அந்த ஜூலையில் லாஸ் வேகாஸ் கோடைத் தொடரில் போர்ட்லாந்துக்கு எதிராக 15 முறை வீசினார், ஒன்றுகூட விழவில்லை. அன்றிரவு இணையம் முழுக்க அவரைக் கேலி செய்தது. எனக்குத் தூக்கமே வரவில்லை. 19 வயதுப் பையன், ஊர் சிரிக்கிறது, இனி வீசவே பயப்படுவான் என்று நினைத்தேன். அவர் பயப்படவில்லை. சீசன் முழுவதும் வீசினார். ஆட்டத்துக்குச் சராசரியாக 13 புள்ளி, 6.5 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), 1.5 பிளாக் (எதிரணி வீச்சைத் தட்டிவிடுவது) என்று முடித்து, புதுமுகங்களின் முதல் ஐவர் பட்டியலில் இடம்பிடித்தார்.

ஆனால் நான் அவரைத் தேர்ந்தெடுப்பது அவர் எடுக்கும் புள்ளிகளுக்காக அல்ல. எதிரணிக் கார்டு (பந்தை நடத்திவருபவர்), தன் சக ஆட்டக்காரர் வழிமறித்து நிற்கும் ஸ்க்ரீனைச் சுற்றி வரும்போது சாரின் கால்களை மட்டும் பாருங்கள். ஏழடி உயரம் கொண்ட பெரும்பாலானோர் அந்த நேரத்தில் கூடைக்கு அடியில் போய் நின்றுகொள்வார்கள். இவர் மூன்று புள்ளிக் கோடு வரை ஏறி வருகிறார். கார்டின் மார்புக்கு நேரே நின்று, பின்வாங்கிக்கொண்டே இரண்டு மூன்று அடி நகர்கிறார். கார்டு தன்னைத் தாண்டிவிட்டதாக நினைத்துப் பந்தை உயர்த்தும்போது பின்னாலிருந்து இவருடைய கை வந்து நிற்கிறது. கால் ஓட்டமும் கை நீளமும் ஓர் உடம்பில் சேர்ந்து அமைவது அபூர்வம். அது அமைந்த இடத்தில்தான் அணியைக் கட்ட வேண்டும்.

கணக்கர்

நண்பரே, சாரின் வீச்சு விழுந்த விகிதத்தை ஏன் எழுதவில்லை? 39.4 சதவீதம். ஏழடி ஆட்டக்காரர் 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்பது சிறிய விஷயமல்ல. மூன்று புள்ளி வீச்சில் 30.8 சதவீதம். காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது. உடம்போடு உடம்பு மோத வேண்டிய இடத்தில் அவர் விலகிப்போய் மிதந்துகொண்டே வீசுகிறார்; உள்ளே போக வேண்டிய நேரத்தில் வெளியே நின்று மூன்று புள்ளிக்கு முயல்கிறார்.

தடுப்பாட்டத்தில் நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் என்பிஏவில் ஒரு அணியின் உச்சவரம்பைத் தீர்மானிப்பது கடைசி ஐந்து நிமிடங்களில் தானாக ஒரு நல்ல வீச்சை உருவாக்கத் தெரிந்தவர். நம் பட்டியலில் அதற்கான கை ஒருவருக்குத்தான் இருக்கிறது: இந்த ஆண்டு டிராஃப்டில் வந்த ட்ரே ஜான்சன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டு ஆடினார், ஆட்டத்துக்கு 19.9 புள்ளி எடுத்து, எஸ்இசி என்ற கல்லூரிப் பிரிவிலேயே முதலிடம் பிடித்தார். மூன்று புள்ளியில் ஏறக்குறைய 40 சதவீதம். அவர் ஓடிவந்து நிற்காமலே திரும்பி வீசும் விதம் பயிற்சியால் மட்டும் வருவதில்லை. அவர் களத்தில் இருந்தால் எதிரணியில் ஒருவர் அவரை விட்டு ஓரடிகூட நகர முடியாது. அந்த ஓரடியில்தான் மற்ற நால்வருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

தடுப்புச்சுவர்

இருவருமே பிலால் கூலிபாலியை மறந்துவிட்டீர்கள். 2023இல் ஏழாவது தேர்வு. இந்த மறுகட்டமைப்பு டிராஃப்ட் வழியாகப் பெற்ற முதல் பிள்ளை அவர்தான். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை இரவுதோறும் அவர் தலையில்தான் கட்டுகிறோம். அந்த வேலையை முணுமுணுக்காமல் செய்கிறவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இரண்டு சீசனும் காயத்தால் முன்கூட்டியே முடிந்தது, ஒத்துக்கொள்கிறேன். மூன்று புள்ளி வீச்சு இன்னும் தேறவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் 21 வயதுதான் ஆகிறது.

பழைய புல்லட்ஸ்

இங்கே எழுதுகிறவர்களில் வயதில் மூத்தவன் நானாகத்தான் இருப்பேன். அதனால் கொஞ்சம் பழங்கதை பேச அனுமதியுங்கள்.

இந்த அணி புல்லட்ஸ் என்ற பெயரில் இருந்தபோது 1978இல் பட்டம் வென்றது. 1978-79க்குப் பிறகு ஒரே சீசனில் 50 ஆட்டங்களை வென்றதில்லை. 1979க்குப் பிறகு என்பிஏவின் கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போனதும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேரை "இவர்தான்" என்று தோளில் தூக்கிவைத்தோம் தெரியுமா? 2001இல் குவாமி பிரவுன். பள்ளியிலிருந்து நேராக வந்து முதல் தேர்வான முதல் ஆட்டக்காரர். அவரைத் தேர்ந்தெடுத்தவர் மைக்கேல் ஜோர்டன். அந்தப் பையனுக்கு அப்போது 19 வயது. ஜோர்டன் கை காட்டியவன் என்ற ஒரே காரணத்துக்காக, அவன் தவறவிட்ட ஒவ்வொரு பந்தும் செய்தியானது. அவன் திறமையற்றவனாக இருந்ததால் மட்டும் வீழவில்லை. சுமக்க முடியாத பட்டத்தை முதல் நாளே கழுத்தில் மாட்டினோம். நானும் மாட்டியவர்களில் ஒருவன். அடுத்து 2010இல் முதல் தேர்வாக ஜான் வால் வந்தார். உண்மையான தலைவர், ஆனால் காயங்கள் அவரை விழுங்கிவிட்டன.

ஆகையால் என் கருத்து வேறு. தலைவர் இன்னும் வரவில்லை. 2026 டிராஃப்டில் டிபான்ட்சா, பீட்டர்சன், பூசர் என்று பெரிதும் பேசப்படும் மூன்று இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நம் 2026 முதல் சுற்றுத் தேர்வு முதல் 8 இடங்களுக்குள் விழுந்தால்தான் நமக்கு. இல்லாவிட்டால் நியூயார்க் நிக்ஸ் எடுத்துக்கொள்ளும். 2020இல் ஜான் வாலைக் கொடுத்து ரசல் வெஸ்ட்புரூக்கை வாங்கியபோது கொடுத்த கடன் அது, கைமாறிக் கைமாறி நிக்ஸிடம் போயிருக்கிறது. இந்த ஓராண்டு தாண்டிவிட்டால் முதல் சுற்றுக் கடன் தீர்ந்துவிடும். இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைத் தந்தால் போதும். அதிகம் தோற்கும் அணிக்குத்தான் டிராஃப்டில் முன்வரிசை வாய்ப்பு அதிகம். எனவே இந்த ஆண்டும் பொறுமையாகத் தோற்பதுதான் விவேகம்.

இடதுகை

பொறுமையாகத் தோற்பது என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு ஏப்ரல் 13 நினைவுக்கு வருகிறது.

சீசனின் கடைசி ஆட்டம், மியாமியில். எல்லாம் முடிந்துபோன சீசன். தோற்றிருந்தால் நாமும் யூட்டாவும் 17-65 என்று சமமாக நின்றிருப்போம். பப் கேரிங்டன் கடைசி நொடியில் பந்தை எழுப்பினார், விழுந்தது, வென்றோம். 18-64. யூட்டா கடைசி இடம், நாம் அதற்கு மேலே. டிராஃப்ட் வரிசையைக் குலுக்கி முடிவு செய்யும் லாட்டரியில் இரு அணிகளும் எவ்வளவு கீழே சரிய முடியுமோ அவ்வளவு சரிந்தன. யூட்டாவுக்கு ஐந்து, நமக்கு ஆறு. 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த டல்லாஸ் முதலிடத்தைப் பிடித்து, எல்லோரும் விரும்பிய கூப்பர் ஃபிளாகை எடுத்துக்கொண்டது.

அதன்பின் எத்தனை பேர் கேரிங்டனைத் திட்டினார்கள்! ஒரு புதுமுகம், 82 ஆட்டத்திலும் இறங்கியவர், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர், எதற்கும் பயனில்லாத ஆட்டத்தின் எதற்கும் பயனில்லாத கடைசி வீச்சைத் தன் கையில் கேட்டு வாங்கி வென்று கொடுத்தார். அதற்கு வசை. எனக்கு அந்த வீச்சுதான் அந்த ஆண்டின் ஒரே நல்ல செய்தி. ஐந்தாவது தேர்வா ஆறாவது தேர்வா என்று கணக்குப் போடாத அந்த மனம்தான் எனக்கு வேண்டும். நான் கேரிங்டன் பக்கம்.

கணக்கர்

இடதுகை, அவர் மனத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள இடைவெளி கற்பனையல்ல. கடைசி இடத்தில் முடிக்கும் அணி அதிகபட்சம் ஐந்தாவது இடத்துக்குத்தான் சரியும், அதற்கு அடுத்த அணி ஆறு வரை சரியும் என்பது விதி. அதைக் கவனித்திருக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆட்டக்காரரைத் திட்டியது தவறு, அதில் உங்களோடு நிற்கிறேன்.

நடுக்கோடு

பழைய புல்லட்ஸ் ஐயா, குவாமி பிரவுனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. உண்மை. ஆனால் காத்திருப்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது.

ஹூஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் ஹார்டன் போனபின் 17-55, 20-62, 22-60 என்று மூன்று சீசன். 2021இல் இரண்டாவதாக வந்த ஜேலன் கிரீன்தான் எதிர்காலம் என்று அணியே சொன்னது. அதே டிராஃப்டில் 16ஆவது இடத்தில் எடுக்கப்பட்டு ஹூஸ்டனுக்கு வந்த அல்பெரென் ஷென்குன் பல இரவுகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கட்டுப்பாடில்லாத ஆட்டம், தோல்வி பழகிய முகங்கள். இமே உடோகா பயிற்சியாளராகவும் ஃபிரெட் வான்விலீட் பாயிண்ட் கார்டாகவும் வந்த பிறகுதான் 41-41, அதற்கடுத்து 52-30. கடைசியில் ஆல் ஸ்டார் ஆனவர் ஷென்குன். கெவின் டுரான்டுக்காகக் கைமாறியவர் கிரீன்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. டிராஃப்ட் எண்ணைப் பார்த்துத் தலைவரை முடிவு செய்யக் கூடாது. அதே நேரம், எல்லோரிடமும் பந்தைக் கொடுத்து "யார் முளைக்கிறார்கள் பார்ப்போம்" என்று விட்டால் யாரும் ஒழுங்காக முளைப்பதில்லை. ஒழுங்கு முதலில் வர வேண்டும். சாரைச் சுற்றித் தடுப்பாட்டம் அமைந்தால் அந்த ஒழுங்கு தானாக வரும் என்பதே என் வாதம்.

தடுப்புச்சுவர்

அப்படியானால் டெட்ராய்ட்? 2023-24இல் தொடர்ந்து 28 தோல்வி. 27ஆவது தோல்வியன்று, புரூக்ளினுக்கு எதிராக, கேட் கன்னிங்ஹம் 41 புள்ளி எடுத்தார். அதில் 37 இரண்டாம் பாதியில். அப்படியும் தோற்றார்கள். 14-68இல் முடிந்தது. அடுத்த ஆண்டு அதே கன்னிங்ஹம்தான், அணி 44-38. டோபியாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே, மாலிக் பீஸ்லி என்று வீசத் தெரிந்த மூத்தவர்களைச் சுற்றிலும் நிறுத்தினார்கள், பயிற்சியாளரை மாற்றினார்கள். தலைவரை மாற்றவில்லை. பந்தைக் கையில் வைத்திருப்பவர்தான் அங்கே தலைவர், சாரைப்போல் கூடைக்கருகே ஆடும் சென்டர் அல்ல.

கணக்கர்

நான் சொல்ல வந்ததைத்தான் சொல்லிவிட்டீர்கள்.

ஆறாம் ஆள்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அனைவரும் "தலைவர்" என்ற ஒரே சொல்லில் மூன்று வேலைகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

கல்லூரியில் நான் பாயிண்ட் கார்டாக ஆடினேன். இரண்டாம் ஆண்டில் எங்கள் பயிற்சியாளர் அதிகப் புள்ளி எடுப்பவனைத் தலைவனாக்கினார். நல்லவன்தான், என் நெருங்கிய நண்பனும்கூட. ஆனால் தடுப்பாட்டத்தில் அவன் வாயே திறக்க மாட்டான். எதிரணி ஸ்க்ரீன் வைத்தால் எனக்குத் தெரியாது. தோள் போய் முட்டும்போதுதான் தெரியும். அந்த ஆண்டு முழுவதும் என் இடது தோளில் ஒரு நீலத் தழும்பு இருந்துகொண்டே இருந்தது. மறு ஆண்டு ஒரு சென்டர் வந்தான். ஆட்டத்துக்கு ஆறு புள்ளி எடுத்தால் அதிகம். ஆனால் பின்னாலிருந்து "வலப்பக்கம், வலப்பக்கம், நான் இருக்கிறேன், போ" என்று ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பான். அந்த "நான் இருக்கிறேன்" என்ற சொல் காதில் விழுந்தபின் நான் எதிரணிக் கார்டை எவ்வளவு நெருக்கி ஆடினேன் தெரியுமா? தாண்டிப்போனாலும் பின்னால் ஆள் உண்டு என்ற தைரியம். எங்கள் ஐவரில் மற்ற நால்வரும் அந்த ஆண்டு கூடுதல் திறமைசாலிகளாகத் தெரிந்தோம். எங்களிடம் எதுவும் மாறியிருக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது, யார் களத்தில் இருந்தால் மற்ற நால்வரின் வேலை எளிதாகிறது? தடுப்பாட்டத்தில் அது சார். கணக்கர் சொல்வதுபோல் பந்து நம்மிடம் இருக்கும்போது அது ட்ரே ஜான்சனாக ஆகலாம். ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் ஒருவர்கூடப் பெயர் சொல்லாத ஒருவர் இருக்கிறார். கைஷான் ஜார்ஜ். 2024இல் 24ஆவது தேர்வு. ஒரு காலத்தில் கார்டாக ஆடிய பையன், பிறகு உயரம் கூடிக் கூடி விங் (களத்தின் பக்கவாட்டில் ஆடுபவர்) ஆனவர். அதனால் பந்தைக் கையாளும் பழக்கமும் பார்வையும் கார்டுக்குரியவை, தடுக்கும் நீளம் விங்குக்குரியது. பந்து வந்ததும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. வீசு, அனுப்பு, அல்லது ஓட்டு, உடனே முடிவெடுக்கிறார். இளம் அணியில் பந்து நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது பெரிய வரம்.

இடதுகை

24ஆவது தேர்வைத் தலைவர் என்பதா? நல்ல துணை ஆட்டக்காரர் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

ஆறாம் ஆள்

இன்றைய உச்ச நட்சத்திரங்களைப் பாருங்கள். நிகோலா யோகிச் 41ஆவது தேர்வு. யானிஸ் 15ஆவது. ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் 11ஆவது. அவரை எடுத்த ஷார்லட் அன்றிரவே கைமாற்றிவிட்டது, போய்ச் சேர்ந்த கிளிப்பர்ஸிலும் ஓராண்டுதான் இருந்தார். ஜார்ஜ் அவர்களைப்போல் வருவார் என்று நான் சொல்லவில்லை. எண்ணைக் காரணமாகச் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பழைய புல்லட்ஸ்

ஷேயின் பெயர் வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். நம் அணியின் பொது மேலாளர் வில் டாகின்ஸ், ஷே இப்போது ஆடும் ஒக்லஹோமா அணியின் நிர்வாகத்தில் நெடுநாள் இருந்தவர். அவர் அங்கே கற்றதைத்தான் இங்கே செய்கிறார். 2021 டிசம்பரில் அந்த அணி மெம்பிஸிடம் 152-79 என்று தோற்றது. 73 புள்ளி வித்தியாசம், என்பிஏ வரலாற்றிலேயே பெரிய தோல்வி. அன்று ஷே காயத்தால் ஆடவில்லை. அந்த சீசன் 24-58. அதே அணி 2024-25இல் 68-14, பட்டமும் வென்றது. இடையில் மூன்றரை ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவர்கள் ஷேயை அவசரப்படுத்தவும் இல்லை, வேறொருவருக்காக ஒதுக்கவும் இல்லை. செட் ஹோம்கிரன் வந்தார், ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். ஷேயின் இடம் பறிபோகவில்லை.

ஆறாம் ஆள் எழுதியதைப் படித்தபின் என் நிலையைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். டிபான்ட்சாவோ பீட்டர்சனோ வந்தாலும் அவருக்குப் பின்னால் நின்று "நான் இருக்கிறேன்" என்று சொல்ல ஒருவர் ஏற்கெனவே இங்கே இருக்க வேண்டும். 19 வயதுப் பையனைத் தனியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கணக்கர்

ஐயா, அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் மறுப்பில்லை.

நடுக்கோடு, உங்களிடம் ஒரு கேள்வி. சாரைத்தான் மையமாக வைக்கிறோம் என்றே கொள்வோம். ஆட்டம் சமநிலையில் இருக்கிறது, இரண்டு நிமிடம் இருக்கிறது. பந்து யாரிடம்?

நடுக்கோடு

நேர்மையாகச் சொல்கிறேன், சாரிடம் அல்ல. இந்த ஆண்டு அந்த இரண்டு நிமிடங்கள் ட்ரே ஜான்சனுக்கும் கேரிங்டனுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். தவறவிடட்டும். தவறவிட்டால் அடுத்த ஆட்டத்திலும் அவர்களிடமே கொடுக்க வேண்டும். மெக்கலம் கையில் பந்தைக் கொடுத்து நான்கு ஆட்டம் கூடுதலாக வெல்வதில் நமக்கு எந்த லாபமும் இல்லை, நிக்ஸுக்குத்தான் லாபம்.

ஆனால் அந்த வீச்சு தவறி எதிரணி ஓடிவரும்போது யார் கூடைக்கு முன்னால் நிற்கிறார் என்பது எனக்கு முக்கியம். அங்கே சார் நிற்க வேண்டும். பயிற்சியாளர் பிரையன் கீஃப் அவரை ஆட்டத்துக்கு 30 நிமிடமாவது களத்தில் வைத்திருக்க வேண்டும், ஃபவுல் சேர்ந்தாலும் உடனே இழுத்துவிடக் கூடாது. பதிலுக்கு அவரிடமும் ஒன்று கேட்பேன். மூன்று புள்ளி முயற்சிகளில் பாதியைக் குறைத்துக்கொண்டு, ஸ்க்ரீன் வைத்ததும் கூடையை நோக்கி நேராக ஓட வேண்டும். கணக்கர் சொன்ன 39.4 அங்கேதான் மாறும். மாறாவிட்டால் உங்கள் வாதம் வென்றது என்று இதே இழையில் வந்து எழுதுகிறேன்.

கணக்கர்

முதல் 20 ஆட்டம் முடிந்ததும் பார்ப்போம். 45 சதவீதத்தைத் தாண்டினால் நான் சார் பக்கம் வருகிறேன்.

தடுப்புச்சுவர்

கூலிபாலி 70 ஆட்டம் ஆடட்டும், அது போதும் எனக்கு.

இடதுகை

ஆறாம் ஆள், உங்கள் கல்லூரி சென்டர் இப்போதும் ஆடுகிறாரா?

ஆறாம் ஆள்

முழங்கால் போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். போன மாதம் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரை நிறுத்தி, பந்தே கொடுக்காமல் அரைமணி நேரம் வெறும் தடுப்பு நகர்வு மட்டும் செய்யவைத்தான். வாய் மூடியிருக்கும் பிள்ளை வெளியே போய் உட்கார வேண்டும். பிள்ளைகள் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது.